அடாஸ் உள்ள கார் வாங்கலாமா? நம் சாலையில் அது என்ன செய்யும், என்ன செய்யாது

கேள்வி: "புது கார் வாங்கப் போகிறேன். பிடித்த மாடலில் அடாஸ் (கேமரா, சென்சார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகள்) இருக்கும் மேல் வேரியண்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் அடிக்கடி போய்வருவேன், பெரும்பாலும் இரவில். நம் ஊர் ரோட்டில் இதெல்லாம் வேலை செய்யுமா, இல்லை ஷோரூமில் காட்டுவதற்கு மட்டும்தானா? இன்னும் சில வருடத்தில் கார் தானாகவே ஓடும் என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?"

வாங்கலாம். ஆனால் விற்பனையாளர் செய்து காட்டும் வித்தைக்காக வாங்காதீர்கள். டெஸ்ட் டிரைவில் அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டு, கார் தானாகவே கோட்டுக்குள் போவதைக் காட்டுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கூடுதல் காசுக்கு உண்மையில் மதிப்புள்ள வசதியை அவரால் டெஸ்ட் டிரைவில் காட்டவே முடியாது. முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றுவிட்டால், உங்கள் கால் பிரேக்குக்குப் போவதற்குள் காரே பிரேக் போடுமே, அந்த வசதி. தானியங்கி அவசர பிரேக் என்று சொல்லலாம். விளம்பரத் தாளில் ஏ.ஈ.பி. என்று போட்டிருப்பார்கள்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 22 மீட்டர். விழிப்பாக ஓட்டுகிறவருக்கே ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, காலை எடுத்து பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகலாம். அதற்குள் கார் 33 மீட்டர் ஓடியிருக்கும், கொஞ்சமும் வேகம் குறையாமல். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். காய்ந்த தார் ரோட்டில், நல்ல டயரோடு, நிற்பதற்கு இன்னும் 35 மீட்டர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். இதில் முதல் பாதியில்தான் இயந்திரம் கைகொடுக்கிறது. அதற்குத் தூக்கம் வராது, போன் மணி அடித்தால் திரும்பிப் பார்க்காது, பின் சீட்டில் குழந்தை அழுதால் கவனம் சிதறாது.

முழுதாக நிறுத்த முடியாமல் போனாலும் பலன் உண்டு. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-இல் மோத வேண்டிய கார் 50-இல் மோதினால் ஆற்றல் 40 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பதும் எதிரில் இருப்பவர் தப்பிப்பதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு, இந்த வசதி உள்ள கார்களையும் இல்லாத கார்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. போலீஸ் பதிவான விபத்துகளில், முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தில் போய் மோதுவது சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. ஒரே ஒரு கருவியால் இவ்வளவு பெரிய குறைவு என்பது சாதாரண விஷயம் இல்லை. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புது கார்களிலும் இது கட்டாயம். அமெரிக்காவில் 2029-இல் கட்டாயமாக்க 2024-இல் விதி எழுதினார்கள்.

சரி, நம் ரோட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்த வசதிகள் பரவலாக வர ஆரம்பித்தது 2020, 2021 வாக்கில், எம்.ஜி. குளோஸ்டர், மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 700 போன்ற கார்களோடு. 2023-இல் ஹூண்டாய் வென்யூ போன்ற சின்ன கார்களுக்கும் இறங்கிவிட்டது. எல்லாக் கம்பெனியும் ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. சில கார்களில் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா மட்டும் இருக்கும். சிலவற்றில் கேமராவோடு முன் கிரில்லிலோ பம்பரிலோ ஒரு ரேடாரும் இருக்கும். கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "லெவல் 2" (கார் எவ்வளவு தானாக ஓடும் என்ற அளவில் இரண்டாம் நிலை) என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை விட இந்தக் கேள்விக்கான பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கேமராவால் ஒரு பொருள் என்ன என்று அடையாளம் காண முடியும்: இது லாரி, இது பைக், இது மனிதர், இது கோடு. ஆனால் இருட்டிலும் மழையிலும் எதிர்வெயிலிலும் அது தடுமாறும். ரேடாருக்கு இருட்டும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் மாறுகிறதே, வேகத்தைக் கண்டுபிடிப்பது அதே தத்துவத்தில்தான். ஆனால் முன்னால் இருப்பது மாடா, மஞ்சள் பேரிகார்டா என்று அதற்குச் சரியாகத் தெரியாது. இரண்டும் சேர்ந்து இருக்கும் காரில் ஒன்றின் குறையை இன்னொன்று ஓரளவு சரிக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், குறிப்பாக நீங்கள் இரவில் மதுரை வரை போகிறவர் என்பதால். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இந்தக் கருவிகள் நன்றாகப் பிடிக்கும். நின்றுகொண்டிருக்கும் வண்டியிடம்தான் இவற்றின் பலவீனம் தெரியும். ஏன் தெரியுமா? வேகமாகப் போகும் காரின் ரேடாருக்கு அசையாத பொருட்கள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன: பாலம், பலகை, இரும்புத் தடுப்பு, ரோட்டில் கிடக்கும் தகரம். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓடவே முடியாது; பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான். அதனால் நிற்கும் பொருளின் எதிரொலியை மென்பொருள் எளிதில் நம்பாது. கேமராவும் ஆமாம் என்று சொன்னால்தான் முழு பிரேக் போடும். பகலில் கேமரா சொல்லிவிடும். நள்ளிரவில், டெயில் லைட் எரியாமல், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இல்லாமல், ரோட்டோரத்தில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் கரும்பு டிராக்டரையோ பஞ்சரான லாரியையோ கேமரா எப்போது அடையாளம் காணும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வேகம் அதிகமாக ஆக இந்த வாய்ப்பு இன்னும் குறையும். பல கார்களின் கையேட்டில் நிற்கும் வண்டிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் வரை பிரேக் வேலை செய்யும் என்று தனியாகவே போட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் விற்பனையாளருக்கே அது தெரிந்திருக்காது.

நடந்து போகிறவர்கள் விஷயமும் இதேதான். மனிதர்களைக் கண்டு பிரேக் போடும் வசதி, நடப்பவர்கள் மேல் மோதும் விபத்துகளை மொத்தத்தில் கால் பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைக்கிறது என்று அதே ஐ.ஐ.எச்.எஸ். கண்டது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டான சாலையில், வசதி உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. திண்டிவனம், உளுந்தூர்பேட்டை பக்கம் நான்குவழிச் சாலையை ராத்திரி ஒன்பது மணிக்குக் குறுக்கே கடக்கும் மனிதர்களை நினைத்துப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம், கடையும் பஸ் ஸ்டாப்பும் இன்னொரு பக்கம். எதிர்ப்பக்கத்து ஹைபீம் கண்ணில் அடிக்கும்போது உங்களுக்கும் தெரியாது, கேமராவுக்கும் தெரியாது. அந்த இடங்களில் உங்களையும் அவர்களையும் காப்பாற்றுவது வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். 2022-இல் இந்தியாவில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். 44 சதவீதத்துக்கும் மேல் டூவீலரில் போனவர்கள். எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள்.

ஆக, எந்த அடாஸ் நல்லது என்று அளப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. காருக்கு வெளியே இருக்கும் மனிதரை அது எவ்வளவு பார்க்கிறது? டூவீலரையும் சைக்கிளையும் அடையாளம் காணுமா, இல்லை காரை மட்டும்தானா? பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வரும் பைக்கைச் சொல்லும் விளக்கு பக்கக் கண்ணாடியில் இருக்கிறதா? கதவைத் திறக்கும்போது பின்னால் வண்டி வந்தால் எச்சரிக்குமா? இந்தக் கடைசி வசதியை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். பாண்டி பஜாரிலோ டவுன்ஹால் ரோட்டிலோ காரை ஓரம்கட்டி, யோசிக்காமல் கதவைத் திறந்து ஒரு ஸ்கூட்டர்காரரைக் கீழே தள்ளிவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். பின்புற மூலைகளில் இருக்கும் ரேடார்தான் இந்த வேலைகளைச் செய்கிறது. கேமரா மட்டும் உள்ள மலிவான அடாஸில் இது பெரும்பாலும் கிடையாது. பார்க்கிங்கில் இருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருபவரைச் சொல்வதும் அதே ரேடார்தான்.

கோட்டுக்குள் ஓட்டும் வசதி, முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் இரண்டும் சுகமான வசதிகள். நல்ல நெடுஞ்சாலையில், பகலில், நீண்ட பயணத்தில் களைப்பு குறையும். நகரத்துக்குள் அணைத்து வைத்துவிடுங்கள். முன்வண்டிக்கு இடைவெளி விட்டால் அந்த இடத்தில் ஒரு ஆட்டோ நுழையும், கார் பிரேக் போடும், மறுபடி இடைவெளி விடும், இன்னொரு பைக் நுழையும். பின்னால் வருகிறவர் நீங்கள் ஏன் விட்டுவிட்டு பிரேக் போடுகிறீர்கள் என்று தெரியாமல் ஹாரன் அடிப்பார். கோடு விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மேம்பால வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்ட இடங்களில் பழைய வெள்ளைக் கோடும் புதுக் கோடும் இரண்டும் கிடக்கும். கார் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கில் கை இருந்தால் உடனே உணர்வீர்கள்.

நம் சாலைகள் இந்த மென்பொருளுக்கு ஏன் கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த இயந்திரங்கள் படங்களைப் பார்த்துக் கற்றவை. ஆரம்பத்தில் உலகம் முழுக்கப் பயன்பட்ட படத் தொகுப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தெருக்களில் எடுத்தவை. அங்கே ஆட்டோ இல்லை. ரோடு எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்ற குழப்பம் இல்லை. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் இருந்து 2018-இல் வந்த இந்திய ஓட்டுநர் தரவுத் தொகுப்பு இந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தது. ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,000 படங்களில், ஆட்டோவுக்கும் விலங்குகளுக்கும் தனித்தனி வகை வைத்தார்கள். தார் ரோட்டுக்கு வெளியே, அவசரத்துக்கு வண்டி இறக்கக்கூடிய மண் தரைக்கும் ஒரு வகை உண்டு. நம் ரோட்டை நன்றாகக் கவனித்தவர்கள் செய்த வேலை என்று அதிலேயே தெரிகிறது. விபத்து எங்கே, எப்படி நடக்கிறது என்ற தகவலைத் திரட்ட சென்னை ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் கணினித் துறையான என்.ஐ.சி.யும் சேர்ந்து செய்த ஐராட் திட்டமும் இதே திசையில் முக்கியமானது. விபத்து நடந்த இடத்திலேயே போலீஸ்காரர் மொபைல் செயலியில் பதிவு செய்கிறார். முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எந்த வளைவில் மறுபடி மறுபடி விபத்து நடக்கிறது என்று தெரிந்தால் அந்த வளைவைச் சரிசெய்யலாம். அதனால் அடாஸ் இல்லாத எல்லா வண்டிக்கும் பலன் உண்டு.

இனி, கார் தானே ஓடும் காலம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் வேமோ நிறுவனத்தின் டாக்சிகள் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன. நிஜமாகவே ஓடுகின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் ஓட்டும் ஜாகுவார் காரில் இருப்பவை 29 கேமராக்கள், 5 லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி), 6 ரேடார். ஓடும் பகுதியை முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக வரைபடம் எடுத்து வைத்திருக்கிறார்கள். கார் குழம்பினால் யோசனை சொல்ல தூரத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷோரூமில் நீங்கள் பார்க்கும் ஒரு கேமரா, ஒரு ரேடாருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவ்வளவு செலவழித்தும் எல்லாருக்கும் கைகூடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸ் டாக்சி 2023 அக்டோபரில், வேறொரு கார் இடித்துத் தன் முன்னால் விழுந்த பெண்ணை ஆறு மீட்டர் தூரம் இழுத்துச் சென்றது. கலிஃபோர்னியா அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் கம்பெனி அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. தனியார் கார்களில் மெர்சிடிஸ் 2021 டிசம்பரில் ஜெர்மனியில் மூன்றாம் நிலைக்கு அனுமதி பெற்றது. குறிப்பிட்ட நெடுஞ்சாலைகளில், நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் மட்டும் ஓட்டுநர் சாலையில் இருந்து கண்ணை எடுக்கலாம் என்பதுதான் அந்த அனுமதி. இந்தியாவைப் பொறுத்தவரை ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் ஆளில்லாக் கார்களை அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்கு இதில் உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பாதி தானியங்கியாக இருக்கும் வண்டிதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அது மனிதரை மெதுவாகத் தூங்க வைக்கிறது. 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது இதற்குக் கசப்பான உதாரணம். ஊபரின் சோதனைக் கார் இரவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்றது. விசாரித்த அமெரிக்க அரசு அமைப்பு கண்டதைப் படித்தால் மனம் பதறும். மோதலுக்கு ஐந்தரை நொடி முன்பே கருவிகள் அவரைப் பார்த்துவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை இனம் தெரியாத பொருள் என்றும், வண்டி என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடக்கும் இடம் இல்லாத இடத்தில் ஒருவர் கடப்பார் என்று அதற்குச் சொல்லித்தரப்படவே இல்லை. அந்த வோல்வோ காரில் கம்பெனி வைத்த அவசர பிரேக்கையும், தங்கள் கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி அணைத்து வைத்திருந்தார்கள். கண்காணிக்க உட்கார்ந்திருந்தவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நினைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகி, கை வைத்திருப்பதாகக் காரை ஏமாற்றிவிட்டு, நெடுஞ்சாலையில் காலை நீட்டி உட்காரும் வீடியோக்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. இங்கே விற்கும் எந்தக் காரும் இரண்டாம் நிலையைத் தாண்டியது இல்லை. இரண்டாம் நிலை என்றால் ஓட்டுவது நீங்கள், கார் உதவி மட்டும் செய்கிறது. விபத்து நடந்தால் சட்டத்தின் முன் நிற்பதும் நீங்கள்தான். மதுரைப் பயணத்தில் கண் செருகினால், திரையில் காபி கோப்பைப் படம் வந்து எச்சரிக்கும் கார்கள் உண்டு. அது வந்ததும் அடுத்த டோல்கேட்டிலோ டீக்கடையிலோ நிறுத்தி அரைமணி நேரம் கண்மூடுங்கள். கார் பார்த்துக்கொள்ளும் என்று ஓட்டாதீர்கள்.

ஒன்றரை லட்சம் கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். கீழ் வேரியண்டில் ஈ.எஸ்.சி. இருக்கிறதா? கார் வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட்டு நேராக்கும் அமைப்பு அது. 1995-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த பழைய தொழில்நுட்பம்தான். 1997-இல் ஸ்வீடனில் ஒரு சோதனையில் மெர்சிடிஸின் புது ஏ கிளாஸ் கார் சட்டென்று வளைத்தபோது கவிழ்ந்துவிட, கம்பெனி அந்த மாடல் முழுவதிலும் இதைக் கட்டாயமாகப் பொருத்தியது. அதற்குப் பிறகு அது வேகமாகப் பரவியது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் வாங்க ஈ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். மழைநாளில் குறுக்கே நாய் ஓடும்போது ஸ்டியரிங்கை வெட்டினால் கைகொடுப்பது இதுதான். ஈ.எஸ்.சி.யும் ஆறு ஏர்பேக்கும் உள்ள கீழ் வேரியண்ட் கிடைத்து, அடாஸுக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால், கீழ் வேரியண்டையே தைரியமாக எடுங்கள். கையில் காசு இருந்தால் ரேடார் உள்ள அடாஸை எடுங்கள்.

எடுத்த பிறகு சில விஷயங்கள். முன் பம்பரில் இரும்பு கார்டு போடாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, ரேடாரையும் மறைக்கும். பல கார்களில் ரேடார் கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலோ அதற்குக் கீழேயோ இருக்கும். பூஜை போடும்போது சந்தனத்தையும் குங்குமத்தையும் பானட்டில் வையுங்கள், அந்த இடத்தில் வேண்டாம். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையையும் வாழைக்கன்றையும் கழற்றாமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை ஒட்டும் இடமும் கேமரா இருக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில், உள்கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. டெலிவரி நாளில் ஷோரூம்காரர் ஒட்டும்போது நீங்களே நின்று பார்த்து, கேமராவின் பார்வையில் விழாமல் ஒட்டச் சொல்லுங்கள். முன் கண்ணாடியில் கல் பட்டு மாற்ற நேர்ந்தால், புதுக் கண்ணாடி போட்டதும் கேமராவைத் திரும்ப அளவு சரிபார்க்க வேண்டும். வெளிக் கடையில் மலிவாகக் கண்ணாடி மட்டும் மாற்றினால் கேமரா கொஞ்சம் கோணலாகப் பார்த்துக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது கண்ணாடிக்கும் சென்சாருக்கும் அந்தச் சரிபார்ப்புச் செலவுக்கும் பாலிசியில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.